கறுவாத்தோட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

'கொழும்பு 07' எனும் முகவரியை நான் முதன்முதலாக எழுதியபோது எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவைக்கு ஒரு தபாலட்டையில் சின்னக் கவிதையொன்றை அனுப்பியிருந்தேன். கவிதை ஒலிபரப்பாகவில்லை. ஆனால் 'சுதந்திர சதுக்கம், கொழும்பு 07' என்ற அந்த வரி மனதில் தங்கிவிட்டது. கிழக்கிலே வயலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் கிராமத்தில் எழுத்தார்வம் கொண்ட எத்தனையோ பேர் அந்த முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தைக் கண்ணாற் கண்டதில்லை.

நான் கண்டது 2002ஆம் ஆண்டில். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்திருந்த காலம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பயின்றுகொண்டிருந்த நாங்கள் கொழும்புக்கு ஒரு கல்விச் சுற்றுலா போனோம். ஏற்பாடுகளுக்குப் பொறுப்பு நான். இரவு முழுவதும் பஸ்ஸில் வந்து, விடிந்தபின் முகங்கழுவிச் சாப்பிட்டு, ஆவலோடு தேசிய நூதனசாலையின் வாயிலுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. முன்கூட்டியே விசாரிக்காதது என் தவறு. நண்பர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

வாயிலருகே கச்சான் விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் தொப்பிகளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"எந்த ஊர் மகன்? இண்டைக்கு வெள்ளிக்கிழமதானே. பூட்டித்தான் ஈக்கும். இதக் கட்டின மேசன் பாஸ் எங்கட ஆள். தொர என்ன வேணுமெண்டு கேட்டத்துக்கு, வெள்ளிக்கிழம பூட்டுங்கோ, அது போதுமெண்டு சொன்னாராம்."

அதைக் கேட்டுச் சிரித்த நண்பர்களும் இருந்தார்கள். நானும் அதை ஒரு கட்டுக்கதை என்றே எண்ணினேன். பின்னர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகி, கிடைத்த நூல்களையெல்லாம் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கச்சான்காரரிடம் எங்கள் பாடநூல்களில் இல்லாத ஒரு வரலாறு இருந்தது என்பது விளங்கிற்று. கறுவாத்தோட்டத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன அருகதை என்று எவரும் கேட்டால், பூட்டிய அந்தக் கதவைத்தான் காட்டுவேன்.

கொழும்பில் 'தோட்டம்' என்றால், சிங்களத்தில் 'வத்த' என்றால், வரிசை வீடுகளும் பொதுக் குழாயும் உள்ள ஏழைகளின் குடியிருப்பு என்றே பொருள். அந்த வழக்குக்குப் பெரிய விதிவிலக்கு குருந்துவத்தை என்னும் கறுவாத்தோட்டம். பேச்சு வழக்கில் 'கொழும்பு ஏழு' என்றாலே மேட்டுக்குடி என்று அர்த்தம். அரசியல் மேடைகளில் அது ஓர் ஏச்சுச் சொல்லும்கூட. ஆனால் இந்தப் பெருமையும் ஏச்சும் வருவதற்கு முன்னர் அங்கே இருந்தவை வெண்மணலும் கறுவாப் புதர்களும் மட்டுமே.

கறுவாவின் கதையை எங்களைப் போன்ற கிழக்கு மாகாணத்தவர் சற்று நின்று கேட்க வேண்டும். போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னர் இத்தீவின் கறுவா வணிகத்தில் முஸ்லிம் வணிகருக்குப் பெரும் பங்கிருந்தது. 1505இல் வந்து, 1518இல் கொழும்பிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயருக்கு அதுவே முதற் பகை. 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தான். அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் அவன் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயர் குறிப்புகளே கூறுகின்றன. அதற்கு முன்னரும் கிழக்கில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். ஆயினும் எங்கள் ஊர்களின் முன்னோருள் ஒரு பகுதியினர் கறுவாவின் காரணமாக மேற்குக் கரையை இழந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிட முடியாது.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கறுவாவைத் தமது கம்பனியின் தனியுரிமை ஆக்கினர். கறுவாச் செடிக்குச் சேதம் விளைவிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. நெடுங்காலம் அவர்கள் காட்டுக் கறுவாவையே நம்பியிருந்தார்கள். நட்டு வளர்த்த கறுவாவில் மணம் இராது என்பது அன்றைய நம்பிக்கை. காடுகளோ பெரும்பாலும் கண்டி மன்னனின் எல்லைக்குள் இருந்தன. 1765 முதல் 1785 வரை தேசாதிபதியாயிருந்த இமான் வில்லெம் பால்க் என்பவரே அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர். அவரது காலத்தில், 1769 அளவில், மருதானைப் பக்கத்து மணல் நிலத்திற் கறுவா பயிரிடப்பட்டது. மணம் குறையவில்லை. கோட்டைக்கு வெளியே கறுவா பரந்து விரிந்தது.

கறுவா உரிப்பது இலகுவான வேலையன்று. செடியை அடியோடு வெட்டிவிட்டால் புதிய கம்புகள் கூட்டமாகக் கிளம்பும். அவற்றை உரிய பருவத்தில் வெட்டி, மேற்றோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, நீளவாக்கிற் கீறிப் பட்டையைக் கழற்ற வேண்டும். பின்னர் ஒன்றினுள் ஒன்றைச் செருகி நிழலில் உலர்த்த வேண்டும். இத்தொழிலைச் சலாகம சாதியினர் கட்டாய ஊழியமாகச் செய்தார்கள். சோனகரும் ஒல்லாந்தருக்கு 'ஊழியம்' செய்யக் கடமைப்பட்டிருந்தனர். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நிலமோ வீடோ உடைமையாகக் கொள்ள அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. 1796இல் பிரித்தானியர் வந்த பின்னரும் அந்தத் தடை நீடித்து, 1832இல்தான் நீங்கிற்று.

அதற்கடுத்த ஆண்டு, 1833இல், கறுவாத் தனியுரிமையும் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஏற்றுமதித் தீர்வை அதிகம். வேறு நாடுகளின் மலிவான பட்டைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. கறுவா நலிந்தது, மலைநாட்டிற் கோப்பி எழுந்தது. கொழும்பின் கறுவாக் காணிகள் துண்டுகளாகி மாளிகைகளுக்கு இடமாயின. அதுவரை கொழும்பின் செல்வந்தர் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகிய வடபகுதிகளில் வாழ்ந்தார்கள். துறைமுகம் பெருகிப் பண்டசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே நெருக்கியபோது அவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். கோப்பி, தெங்கு, சாராயக் குத்தகை, காரீயம் ஆகியவற்றாற் பணம் சேர்த்த உள்ளூர்ப் பெருங்குடும்பங்களும் வெள்ளைக்காரரின் அயலில் வந்து வீடு கட்டின.

வீதிகளுக்குத் தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. பார்ன்ஸ் பிளேஸ், ஹோட்டன் பிளேஸ், வோட் பிளேஸ், ரொஸ்மீட் பிளேஸ், கிரகரி வீதி என்று நடந்து போனால் பிரித்தானிய ஆட்சியின் அட்டவணையை வாசித்து முடித்துவிடலாம். கறுவாத் தனியுரிமை ஒழிந்தபோது தேசாதிபதியாயிருந்தவரே ஹோட்டன் என்பது பொருத்தமான தற்செயல். 1848 கிளர்ச்சியை அடக்கிய டொரிங்டனின் பெயராலும் அங்கே ஒரு சதுக்கம் இருந்தது. நான் சிறுவனாகத் தபாலட்டை எழுதிய சுதந்திர சதுக்கம் அதுதான். சுதந்திரத்தின் பின் டரட் வீதி தர்மபால மாவத்தை ஆயிற்று. புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை ஆயிற்று. விக்டோரியா பூங்கா விகாரமகாதேவிப் பூங்கா ஆயிற்று. ஆட்சி மாறும்போது பெயர்ப்பலகையும் மாறும். பலகையை நட்டவரின் பெயர் எக்காலத்திலும் எழுதப்படுவதில்லை.

இந்த வீதிகளில் நாட்டின் வரலாறும் வசித்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் 'பொன்கிளார்' ஹோட்டன் பிளேஸில் இருந்தது. அவரது சகோதரர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்' வோட் பிளேஸில் இருந்தது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி இப்பகுதியிலேயே தொடங்கிற்று. றோயல் கல்லூரி 1923இல் ரீட் அவெனியூவுக்கு வந்தது. 1893 முதல் குதிரைகள் ஓடிய பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாயிற்று. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டது 1959 செப்ரெம்பர் 25இல், ரொஸ்மீட் பிளேஸில் உள்ள அவரது இல்லத்தில்.

இராமநாதனின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் 1885இல் சட்டநிரூபண சபையிற் பேசினார். 1888இல் அதனை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் தந்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இந்த விவாதத்தை நம் எழுத்தாளர்கள் பலமுறை பேசிவிட்டார்கள். நான் அதற்குள் புகவில்லை. சோனகர் யார் என்று கற்றவர்கள் வாதிட்ட அதே காலத்தில், வோட் பிளேஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சோனகர் கட்டி முடித்த வெண்ணிறக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் 1829இல் பிறந்தவர். கட்டட ஒப்பந்தகாரர். புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம், கோட்டையின் பொதுத் தபாலகம், காலிமுகத்திடல் ஹோட்டல் முதலிய கட்டடங்கள் அவர் கைப்பட எழுந்தவையாகச் சொல்லப்படுகின்றன. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால், கட்டடக் கலைஞர் ஜே.ஜி. ஸ்மிதர் வரைந்த படத்தின்படி, நூதனசாலையைக் கட்டியவர் அவரே. 1877 ஜனவரி முதலாம் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. சோனகர் புறக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு உரிமையாளராக முடியாதிருந்த காலம் முடிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

திறப்பு விழாவின்போது தேசாதிபதி அவரிடம், "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம். நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். தச்சு வேலைக்குப் பொறுப்பாயிருந்த எஸ்.எம். பெரேரா ஒரு பட்டத்தைக் கேட்டுப் பெற்றார் என்றும் அதே கதை சொல்கிறது. இது குடும்பத்தாராலும் சமூகத்தாலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. வரலாற்று மாணவன் என்ற முறையில் அந்த உரையாடலுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் நூதனசாலை நீண்டகாலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது என்பதற்கு நானும் என் சக மாணவர்களும் சாட்சிகள்.

பட்டம் கேட்ட தச்சரை நான் குறைவாக மதிக்கவில்லை. கைத்தொழில் செய்பவனை யாரும் ஏறெடுத்துப் பாராத காலத்தில் பட்டம் என்பது தலைநிமிர ஒரு வழி. ஆனால் மரிக்காரின் வேண்டுகோளை யோசிக்க யோசிக்க அதன் நுட்பம் எனக்குப் புலப்படுகிறது. பட்டம் அவரோடு மண்ணுக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமையோ வாரந்தோறும் வந்தது. ஜும்ஆவுக்குப் போகும் தன் சமூகத்தவன் அந்த நேரத்தில் ஒன்றையும் இழக்கக் கூடாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பூட்டிய கதவைக் கண்டவன் ஏன் என்று கேட்டான். கேட்டவனுக்குக் கச்சான்காரர் ஒருவர் பதில் சொன்னார். கல்லிற் பெயர் வெட்டாமலேயே நூற்றாண்டுக்கு மேலாக அவர் பெயர் வாயிலில் நின்றது.

கண்டியின் கடைசி மன்னனது சிம்மாசனத்தை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை நூதனசாலையைத் திறப்பதற்கு மரிக்காரின் பேரனான சேர் ராஸிக் பரீதிடம் டி.எஸ். சேனநாயக்க சம்மதம் கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. வாக்கு ஒன்றை மதிக்கும் பண்பு அந்தச் செய்தியில் இருக்கிறது. இப்போது நூதனசாலை வெள்ளிக்கிழமைகளிலும் திறந்திருக்கிறது. தூரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியன் என்ற வகையில் எனக்கு அதில் முறைப்பாடு இல்லை. ஆனால் கதவு திறந்துவிட்டதால் கேள்வி இல்லாமற் போய்விட்டது. கேள்வி இல்லாத இடத்தில் கதையை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மரிக்கார் கல்லோடும் சுண்ணாம்போடும் நின்றுவிடவில்லை. 1892இல் மருதானையில் உதயமாகிப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்காக, சித்திலெப்பை மரைக்கார், ஒராபி பாஷா, அப்துல் அஸீஸ் ஆகியோரோடு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஸாஹிறாவின் அதிபராக 1948 முதல் 1961 வரை விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸின் இல்லம் பார்ன்ஸ் பிளேஸில் இருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியவர் அவர். வறிய மாணவருக்காக அவர் முன்னின்று உருவாக்கிய புலமைப்பரிசில் நிதியம் கிழக்கின் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியது. கறுவாத்தோட்டத்து வீடொன்றிலிருந்து எங்கள் வயற்கரைகளை நினைத்த ஒருவர் இருந்தார் என்பதை நன்றியோடு பதிவுசெய்கிறேன்.

அந்த 2002ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமையில் நூதனசாலை இல்லையென்றானதும் நாங்கள் பூங்காவைக் கடந்து தெவட்டகஹ பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு நடந்தோம். 1928இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தின் வெண்ணிறக் குவிமாடத்துக்கு அருகில், வாகனங்கள் சுழலும் சந்தியின் ஓரத்தில் அது இருக்கிறது. சேகு உஸ்மான் வலியுல்லாஹ் அவர்களின் ஸியாரம் அங்குண்டு. அதன் கதை மாளிகைகளுக்கு முந்தியது. 1820 அளவில், எண்ணெய் விற்கும் ஒரு சிங்களப் பெண் கறுவாக் காட்டின் வழியே வரும்போது வேரில் இடறி விழுந்து பானை உடைந்துவிடுகிறது. அன்றைய பிழைப்பே போயிற்றென்று அழுதவளுக்கு ஒரு பெரியவர் தோன்றி, பூமியைக் காலால் அழுத்தி எண்ணெய் வரச்செய்து, பானையை நிரப்பிக் கொடுத்தார். மருதானை முஸ்லிம்களிடம் இதைச் சொல் என்றும் பணித்தார். இது ஐதீகம். நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஸியாரங்கள் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டென்பதையும் அறிவேன். நான் கவனிப்பது வேறொன்று. கறுவாத்தோட்டத்தின் மிகப் பழைய கதையில் தேசாதிபதியும் இல்லை, முதலியாரும் இல்லை. தலையிற் சுமையோடு வந்த ஓர் ஏழைப் பெண் இருக்கிறாள். அவள் சிங்களத்தி. அவள் கொண்டுவந்த செய்தியால் முஸ்லிம்களுக்கு ஒரு தலம் கிடைத்தது.

2019ஆம் ஆண்டுக்குப் பின் இந்த நாட்டில், "நீங்கள் எப்போது வந்தவர்கள்? இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது?" என்ற கேள்விகள் உரத்து ஒலித்தன. அதற்குப் பதிலாக நம்மவர் சிலர் நீண்ட பரம்பரைப் பட்டியல்களை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. தேசத்தின் புதையல்களை வைக்கும் வீட்டை ஒருவர் கட்டினார். கூலிக்கு மேலாக ஒரு நாள் ஓய்வைக் கேட்டார். அந்த வேண்டுகோளை ஒரு நாடு நெடுங்காலம் மதித்தது. இந்த ஒரு செய்தியில் இரு தரப்புக்கும் கௌரவம் இருக்கிறது. வகுப்பறையிற் சொல்வதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அண்மையில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை விசாரித்துவிட்டே போனேன். முன் மண்டபத் தூண்களினருகே நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனது வாப்பா மேசன் வேலை செய்பவர். வருடத்திற் பாதி நாள் கொழும்பிலே மாடிக் கட்டடங்களில் நிற்பவர்.

"சேர், மரிக்கார் கொந்தராத்துக்காரர்தானே. கல்லு வெச்சவங்கட பேர் எங்க ஈக்கு?"

என்னிடம் பதிலில்லை. அதுவரை மரிக்காரின் பெயரைத் தெருப்பலகைகளில் காணவில்லையே என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அவருக்குக் கீழே கல் சுமந்தவர்களை நானும் மறந்துதான் இருந்தேன். கறுவா உரித்தவர்களின் பெயர்களும் அப்படியே போயின. நாட்டின் சிறப்பு மிகுந்த பகுதியை ஆக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரில்லாதவர்கள். கொழும்பு ஏழு என்ற சொல்லுக்குள் அவர்களையும் சேர்த்துத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவனுக்கும் அவன் தோழர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். எங்கள் பள்ளிவாசலையும் பாடசாலையின் பழைய மண்டபத்தையும் கட்டிய மேசன்மார், தச்சர்கள், கல்லுடைத்தவர்கள் யாரென்று வயோதிபரிடம் கேட்டு எழுதி வரச்சொன்னேன். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன. அவர்களில் இருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். இவ்விதழின் வாசகர்களிடமும் அதையே கேட்கிறேன். உங்கள் ஊரின் பழைய கட்டடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பெயர்களை எழுதி வையுங்கள்.